ஈயக் குண்டு வார்த்த கதை



ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். அதை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது. முதலில் புளித்தண்ணீரை ஊற்றி, அதன் பிறகுதான் நெருப்பின்மேல் வைக்க வேண்டும். புதிதாக வந்த மருமகள் அவசரத்தில் இதை மறந்துவிட்டால், சொம்பின் அடிப்பாகம் உருகி, அடுப்புச் சாம்பலில் வெள்ளை மணிகளாக உருண்டு ஓடும். மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். வீட்டில் அன்று ரசமும் இல்லை, சொம்பும் இல்லை.

சாம்பலில் உருண்ட அந்த மணிகளில் ஒரு பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது. வீட்டு அடுப்பிலேயே உருகக்கூடிய உலோகம் ஈயம். ஆகவேதான் பல நூறு ஆண்டுகள், துப்பாக்கிக்கு வேண்டிய குண்டை மனிதர்கள் தங்கள் வீட்டு அடுப்பிலேயே வார்த்தார்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இன்றும் பலர் அதை ஒரு பொழுதுபோக்காகக் கற்று, முதுமை வரை விடாமல் செய்துவருகிறார்கள். நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலோ அப்படி ஒருவரையும் காண முடியாது; காணவும் கூடாது. ஒரே அடுப்பு, ஒரே ஈயம். அங்கே பொழுதுபோக்காக இருப்பது இங்கே ஏன் உயிருக்கே ஆபத்தான செயலாயிற்று? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஈயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் ஈயம் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அது இரண்டு உலோகங்கள். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். மலாய்க்காரர்கள் முன்னதைத் தீமா என்றும், பின்னதைத் தீமா ஹித்தாம், அதாவது கருப்பு ஈயம் என்றும் சொல்வார்கள். நல்ல ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. சிரம்பான் வட்டாரத்தின் பழைய பெயராகிய சுங்கை ஊஜோங், உலகச் சந்தையில் அறியப்பட்டதும் இந்த வெள்ளீயத்தால்தான். ரப்பர் மரம் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே, இங்கே தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகப் படகில் மலாக்காவுக்குப் போயிற்று.

வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். காரீயத்துக்கு 327 பாகை வேண்டும். இரும்புக்கோ 1,500 பாகைக்கும் மேல் வேண்டும். இரும்பை உருக்க உலையும் துருத்தியும் தேவை. ஈயத்துக்கு நாலு விறகுக் கட்டைகள் போதும். துப்பாக்கிக் குண்டுக்குக் காரீயம் ஏற்றதாயிற்று. அது கனமானது, அதே அளவு தண்ணீரைப்போல் பதினொரு மடங்கு எடை உடையது. மிருதுவானதாகையால் துப்பாக்கிக் குழலைக் கெடுக்காது.

வார்க்கும் முறையும் எளியதுதான். இரும்புக் கரண்டியில் காரீயத்தை உருக்குவார்கள். அச்சு நன்றாக நிறையவும், குண்டு சற்று உறுதியாக இருக்கவும் சிறிது வெள்ளீயம் சேர்ப்பார்கள். தேன்மெழுகோ கொழுப்போ ஒரு துண்டு போட்டுக் கிளறினால் கசடு மேலே வந்துவிடும், அதை வழித்துப்போடுவார்கள். பிறகு பாக்குவெட்டியைப்போல் இரண்டு கைப்பிடி வைத்த அச்சை மூடிப் பிடித்து ஊற்றுவார்கள். அச்சு சூடேறாதிருந்தால் முதல் குண்டுகள் தோல் சுருங்கிப் பிறக்கும். அவற்றை மறுபடி கரண்டியில் போட்டுவிடுவார்கள். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். அச்சு சூடேறிய பிறகு குண்டுகள் பளபளவென்று வரும். தவறியதும் வீணாவதில்லை, உருக்கினால் மறுபடி ஈயம். ஒரு தடவை கற்றவர் அதைவிட்டுப் பிரிய மனமில்லாமல் வாழ்நாள் முழுதும் செய்வதன் இரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டத்துத் துரை வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியைப் பன்னிரண்டு போர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்ன பன்னிரண்டு? ஒரு ராத்தல் ஈயத்தில் சம அளவாகப் பன்னிரண்டு உருண்டைகள் வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டை அந்தக் குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும். அதனால் வந்த பெயர் அது. குண்டு வார்ப்பது வீட்டுத் தொழிலாக இருந்த காலத்தின் கணக்கு, இன்றும் துப்பாக்கியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொழிகளிலும் இந்தச் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாய் மொழியில் துப்பாக்கிக் குண்டுக்குப் பெலுரு என்று பெயர். இது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். துப்பாக்கியைக் குறிக்கும் செனாப்பாங் என்ற மலாய்ச் சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. அவர்கள் 1641ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். தமிழிலோ துப்பாக்கி என்ற சொல் துருக்கியர் வழியாக வந்தது. தோட்டா என்பது இந்துஸ்தானியிலிருந்து வந்தது. யார் யார் ஆயுதத்தோடு வந்தார்களோ, அவர்களுடைய சொல்லும் கூடவே வந்து தங்கிவிட்டது. ஆனால் உண்டை என்ற சொல் நம்முடையது. களிமண்ணை உருட்டிக் காயவைத்து வில்லில் வைத்து எறிந்த காலத்துச் சொல் அது. அந்த வில்லுக்கு உண்டிவில் என்று பெயர்.

இந்த வேலையை ஆண்கள் மட்டும் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கர்கள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்த 1776ஆம் ஆண்டில், ஜூலை 9ஆம் நாள், நியூயார்க் நகரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளினார்கள். அந்தச் சிலை காரீயத்தால் ஆனது. மேலே தங்க முலாம் பூசியிருந்தது. உடைந்த துண்டுகளை லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்கு வண்டியேற்றினார்கள். அங்கே ஒரு வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் கூடி அதை உருக்கி 42,088 குண்டுகள் செய்தார்கள். யார் எத்தனை செய்தார் என்று கணக்கும் எழுதி வைத்தார்கள். அதில் பிரெடரிக் என்ற சிறுவனின் பெயருக்கு நேரே 936 என்று இருக்கிறது. மன்னரின் சிலையே மன்னரின் படையை எதிர்க்கும் குண்டாயிற்று. இது நடந்தது ஒரு வீட்டுக்குள்ளே.

இந்தச் சம்பவம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அடுப்பில் குண்டு வார்க்கத் தெரிந்த குடிமக்களை ஆள்வது எளிதல்ல. இதை நன்கு உணர்ந்திருந்தவர்கள் ஆங்கிலேயர்களே. இனி அவர்கள் நம் முன்னோர்களின் மண்ணில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டின் தென்பகுதியில் பாளையக்காரர்கள் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து நின்றார்கள். பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1801 அக்டோபரில், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன.

பிறகு 1857ஆம் ஆண்டு வந்தது. அப்போது என்ஃபீல்டு என்ற புதிய துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கான குண்டும் மருந்தும் காகித உறையில் சுற்றப்பட்டு, கொழுப்புத் தடவி, தொழிற்சாலையிலிருந்து வந்தன. உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அந்தக் கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயம் படையெங்கும் பரவியது. மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் அதைத் தொட மறுத்தார்கள். அவர்களைச் சிறையில் அடைத்தவுடன், மே 10ஆம் நாள் பெருங்கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் இந்த ஒன்றைக் கவனியுங்கள். தன் குண்டைத் தானே செய்துகொண்ட மனிதனுக்கு அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியும். தொழிற்சாலையிலிருந்து வருவதில் என்ன இருக்கிறது என்று சிப்பாய்க்குத் தெரியவில்லை. அவன் ஐயப்பட்டான்.

கிளர்ச்சி அடங்கிய பிறகு, 1878ஆம் ஆண்டில், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதமோ வெடிமருந்தோ வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. அதற்குப் பின்னும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் நரிக்குறவர்களை நாம் அறிவோம். குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் பழைய முறையை அவர்களே நெடுங்காலம் காத்துவந்தார்கள்.

நம் பாட்டன்மார்களும் பாட்டிமார்களும் கப்பலேறியது பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் காலத்தில்தான். ஒரு துணி மூட்டை, ஒரு பித்தளைச் சொம்பு, குலதெய்வத்தின் திருநீறு ஆகியவற்றோடு அவர்கள் வந்தார்கள். ஆயுதம் ஏந்தும் பழக்கம் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுடைய முன்னோர்களின் கைகளிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

அவர்கள் வந்து சேர்ந்த இந்த மண்ணும் அப்போதுதான் வெடியோசை அடங்கியிருந்தது. 1874ஆம் ஆண்டு நவம்பரில் சுங்கை ஊஜோங்கில் டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் சண்டை மூண்டது. ஈயம் ஏற்றிய படகுகளுக்கு ஆற்றில் யார் வரி வாங்குவது என்பது அந்தப் பகையின் வேர்களில் ஒன்று. பிரிட்டிஷார் டத்தோ கிளானாவின் பக்கம் படை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்ரீமெனாந்தியின் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் எதிர்த்து வந்தார்கள். சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் பாதையில் புக்கிட் பூத்துஸ் என்ற கணவாய் இருக்கிறதல்லவா? இன்று பஸ்ஸில் கண்மூடித் தூங்கிக்கொண்டே நாம் அதைக் கடந்துவிடுகிறோம். அங்கே மரங்களை வெட்டிப்போட்டு அரண் அமைத்திருந்தார்கள். 1875 டிசம்பர் 20ஆம் நாள் கூர்க்காப் படையின் கேப்டன் சானர் சில வீரர்களுடன் அந்த அரணுக்குள் குதித்துப் பிடித்தார். அதற்காக அவருக்கு விக்டோரியா சிலுவை கொடுக்கப்பட்டது. மலாயா மண்ணில் சண்டையிட்ட அந்த வீரர்கள் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்திலேயே குண்டு வார்ப்பது அடுப்பைவிட்டு அகன்றுகொண்டிருந்தது. பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்ற ஈயவேலைக்காரர், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீரில் விழவைத்தால் அது காற்றிலேயே உருண்டையாகிவிடும் என்று கண்டு, 1782ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சிறு ரவைகள் கோபுரங்களிலிருந்து மழைபோல் கொட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைக் கூடு கொண்ட தோட்டா வந்தது. குண்டு, மருந்து, பொறி ஆகிய மூன்றும் ஒரே கூட்டில் அடங்கின. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்ற ஊரின் ஆயுதச்சாலையில் 1890களில் செய்த ஒரு வகைக் குண்டு, உடலுக்குள் விரிந்து பெருங்காயம் உண்டாக்கியது. 1899ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய நாடுகளில் பெரும்பாலானவை அத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உடன்பட்டன. அடுப்பங்கரையில் தொடங்கிய ஒரு கைவேலை, உலக நாடுகள் கூடித் தடுக்க வேண்டிய கொடுமையாக ஒரே நூற்றாண்டில் வளர்ந்துவிட்டது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். லிங்கி, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று காடு அழிந்து ரப்பர் எழுந்த காலத்தில், தோட்டத்தில் துப்பாக்கி என்றால் அது துரையின் பங்களாவில் இருப்பது. லயத்தில் இருந்தவை பால்வெட்டும் உளியும், விறகு பிளக்கும் கோடாரியும், மண்வெட்டியுமே. காட்டுப்பன்றி வந்தால் நாயும் ஈட்டியும் துணை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் ஆயுதம் இருந்தது. அதுதான் லாஸ்டிக். கொய்யாக் கவையில் பழைய டியூப்பின் ரப்பரைக் கட்டி, ஆற்றோரக் களிமண்ணை உருட்டி, லயத்துத் தகரக் கூரைமேல் காயவைத்து எடுத்துக்கொள்வார்கள். உண்டை உருட்டிய பழந்தமிழர் பழக்கம், பெயர் மாறிப் பிள்ளை விளையாட்டாக இங்கே வாழ்ந்தது. குறி பெரும்பாலும் ரம்புத்தானுக்கும் மாங்காய்க்கும்தான். சில வேளை கிராணி வீட்டுக் கண்ணாடிக்கும்!

1942ஆம் ஆண்டு ஜனவரியில் போர் நம் மாநிலத்துக்குள் வந்தது. அந்த மாதம் 14ஆம் நாள், கெமாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியரைத் தாக்கினார்கள். ஆயினும் ஒரு மாதத்தில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பின்வாங்கிய படைகள் விட்டுச்சென்ற துப்பாக்கிகளும் தோட்டாக்களும் காட்டிலும் மேட்டிலும் கிடந்தன. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர்கள் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளில் நம்மவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டதை எல்லாக் குடும்பங்களும் அறியும்.

போர் முடிந்தது, ஆயுதங்கள் முடியவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று அவசரகால விதிகள் கூறின. அப்போதுதான் ஈயக் குண்டு நம் மக்களின் வாழ்க்கையில் ஒரு புதிய பொருள் பெற்றது. அது சுடப்பட்டால்தான் உயிரை வாங்கும் என்றில்லை. சட்டைப் பையில் சும்மா கிடந்தாலும் உயிரை வாங்கும்.

இதற்குச் சான்று எஸ். ஏ. கணபதி அவர்களின் முடிவு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் அவர். அந்தச் சம்மேளனம் 1948இல் தடைபட்டது. 1949ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், சிலாங்கூரில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் கைதானார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு ரவைகளும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அவர் யாரையும் சுட்டதாக வழக்கில்லை. அவற்றை வைத்திருந்ததே வழக்கு. இந்திய அரசாங்கம் அவருக்காகப் பரிந்து பேசியது. பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் பூடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதற்கும் தூக்கிலிட்டதற்கும் இடையே கழிந்தது இரண்டு மாதமும் சில நாட்களுமே.

அவருடைய அரசியலைப் பற்றி அறிஞர்கள் வெவ்வேறு கருத்துச் சொல்லலாம். நாம் இங்கே பார்ப்பது அந்த ஆறு ரவைகளை. ஆறும் சேர்ந்து ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். இந்தச் செய்தி தோட்டந்தோறும் பரவியபோது, பிள்ளைகள் காட்டில் பொறுக்கி வந்த பித்தளைக் கூட்டைக்கூடத் தாய்மார்கள் பயந்து ஆற்றில் எறிந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காவலர்கள் வாசலில் நின்றார்கள். அரிசியும்கூட அளந்து கொடுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் அவசரகாலம் முடிவுற்றது.

முடிந்தாலும் சட்டம் தளரவில்லை. அதே 1960இல் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1971இல் வந்த மற்றொரு சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை மேலும் கடுமையாக்கியது. 1977ஆம் ஆண்டில் பினாங்கில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, கைத்துப்பாக்கியும் ரவைகளும் வைத்திருந்ததற்காக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. பின்னர் அந்தத் தண்டனை குறைக்கப்பட்டு அவன் உயிர் பிழைத்தான். லிட்ச்ஃபீல்டில் 936 குண்டு செய்த சிறுவனின் பெயர் புகழேட்டில் இருக்கிறது. நம் நாட்டுச் சிறுவனோ தூக்குமரத்தின் நிழல்வரை போய்வந்தான். காலமும் இடமும் மாறினால் ஒரே பொருளின் விலை எப்படி மாறுகிறது, பாருங்கள்!

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையும் 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் விடப்பட்டது. ஆயினும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும் செய்வதும் இன்றும் பெருங்குற்றங்களே. எனவே வெளிநாட்டார் செய்கிறார்களே என்று நம் இளைஞர்கள் ஆசைப்படுவதற்கு இதில் இடமில்லை. காட்டிலோ, மண்வெட்டும் இடத்திலோ பழைய தோட்டா கண்ணில் பட்டால், அதைத் தொடாமல், வீட்டுக்கும் எடுத்து வராமல், போலீசுக்குத் தெரிவியுங்கள். எண்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் அது வெடிக்கக்கூடும்.

அப்படியானால் ஈயம் உருக்கும் கலை நம்மைவிட்டு முழுவதும் போய்விட்டதா? இல்லை. ஆற்றில் வீச்சுவலை வீசும் நம்மவர்களைப் பாருங்கள். வலையின் விளிம்பில் வரிசையாகக் கோத்திருக்கும் ஈயமணிகள்தாம் வலையை வட்டமாக விரித்து, விரைவாக மூழ்கவைக்கின்றன. அந்த மணிகளைத் தாமே வார்த்துக்கொண்டவர்கள் உண்டு. அதே கரண்டி, அதே நெருப்பு, அதே பொறுமை. குண்டு மீனைக் கொல்லும் கருவியாகாமல், வலைக்குக் கனம் தரும் மணியாயிற்று. ஈயம் அதேதான், வேலை வேறு.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காரீயம் நஞ்சு. அது ஒரே நாளில் ஆளை வீழ்த்தும் நஞ்சன்று. சிறிது சிறிதாக உடலில் சேர்வது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். படிப்பில் பின்தங்க வைக்கும். கருவுற்ற தாயின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது தொடும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே சமையல் அடுப்பிலும் சமையல் பாத்திரத்திலும் காரீயத்தை உருக்கவே கூடாது. பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது எல்லாவற்றிலும் கேடானது. அதன் புகையும் தூளும் அமிலமும் வீட்டைச் சுற்றிய மண்ணையே நஞ்சாக்கிவிடும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அது சீறித் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கவும் கூடாது. வலைக்கு ஈயமணிக்குப் பதிலாக மெல்லிய இரும்புச் சங்கிலியைக் கோப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது பழமொழி. ஏளனத்துக்குரிய எளிய உலோகம் என்று நம் முன்னோர்கள் ஈயத்தைக் கருதினார்கள் போலும். ஆனால் அந்த எளிய உலோகமே சிலையைக் குண்டாக்கியது. படைகளை எழச் செய்தது. ஆறு துண்டுகளாகக் கிடந்து ஒரு தலைவரின் உயிரை வாங்கியது. இன்று நம் வீடுகளில் அது ரசச் சொம்பாகவும் வலைமணியாகவும் அடங்கியிருக்கிறது. அடங்கியே இருக்கட்டும்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்று இரவு சாப்பாடு முடிந்த பிறகு அருகில் உட்கார்ந்து கேளுங்கள். முள்வேலிக்குள் இருந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். லயத்தில் சோதனை நடந்ததா, காட்டில் என்ன பொறுக்கினார்கள், எதை ஆற்றில் எறிந்தார்கள் என்று கேளுங்கள். புத்தகத்தில் ஏறாத சரித்திரம் அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைப்பது எந்தச் சட்டமும் தடுக்காத, வயது முதிரும் வரை தொடரக்கூடிய ஒரு நல்ல பொழுதுபோக்கு.